டிஸ்கைப் பிரிப்பது ஃபார்மேட்டுக்காக மட்டும் இல்லை

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினால், நாம் கேட்காமலேயே கடைக்காரர் டிஸ்கை சி, டி, இ என்று பிரித்துத்தான் கொடுப்பார். “சி-யில விண்டோஸ் இருக்கு சார். ஃபோட்டோ, டேலி டேட்டா எல்லாத்தையும் டி-யில போட்டுக்குங்க. நாளைக்கு ஃபார்மேட் அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது.” நல்ல அறிவுரைதான். ஆனால் பார்ட்டிஷன் (இப்படிப் பிரித்த பகுதி) என்றாலே ஃபார்மேட்டின்போது ஃபைல்களைக் காப்பாற்றத்தான் என்கிற எண்ணம் இங்கே ஆரம்பித்து லினக்ஸ் சர்வர் வரைக்கும் போய்விடுகிறது. சர்வரை யாரும் அடிக்கடி ஃபார்மேட் அடிப்பதில்லை, அப்புறம் எதற்குப் பிரிக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் இன்ஸ்டாலரும் இதற்குத் துணை போகிறது. எல்லா ஃபைல்களும் ஒரே பார்ட்டிஷனில் என்ற வரிக்குப் பக்கத்தில், புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது என்று போட்டிருக்கும். என்டர் தட்டினால் வேலை முடிந்தது.

பாதுகாப்பு முக்கியம் என்று நினைக்கும் லினக்ஸ் கணினியில் டிஸ்கைப் பிரிப்பதற்குக் காரணங்கள் இரண்டு. எந்த வேலை எவ்வளவு இடம் தின்னலாம் என்பதற்கு எல்லை போடுவது ஒன்று. ஒரு இடத்தில் வந்து விழும் ஃபைலை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்துவது இன்னொன்று. பாதுகாப்பு வழிகாட்டிகளில் இரண்டாவதைப் பற்றிய பேச்சுதான் அதிகம். எனக்கு முதலாவதுதான் பெரிதாகப் படுகிறது. அனுமதிகளைக் கட்டுப்படுத்த இன்று வேறு வழிகளும் வந்துவிட்டன. இடத்துக்கு எல்லை போடுவதில் பார்ட்டிஷனைப் போல எளிமையாகவும் கறாராகவும் இருக்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை.

லாஸ்பேட்டையில் மூன்று குடித்தனம் இருக்கும் ஒரு வீட்டு மாடியில் ஒரே சின்டெக்ஸ் தொட்டி என்று வையுங்கள். கீழ் வீட்டில் குழாயை மூட மறந்தால் மேல் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனில் போட்ட சர்வரின் கதையும் இதுதான். லாக் (நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவு) எழுதும் சேவை, டேட்டாபேஸ், பயனர் ஏற்றும் ஃபைல்கள், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் எல்லாம் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. யாராவது ஒருவர் முழுவதையும் காலி செய்துவிட்டால், சம்பந்தமே இல்லாத இன்னொருவர் நின்றுபோவார்.

உதாரணமாக, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்கள், நோயாளிகள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்க ஒரு இணையப் பக்கம், பின்னால் ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். எல்லாம் ஒரே சர்வரில். வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு தானியங்கி நிரல் அந்த இணையப் பக்கத்தின் லாகின் பெட்டியில் இரவு முழுக்கத் தவறான பாஸ்வேர்டுகளை அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் லாகில் ஒரு வரி. உள்ளே வர முடியவில்லை, சரி. ஆனால் லாக் வளர்ந்து டிஸ்கை நிரப்பிவிட்டால், போஸ்ட்கிரஸ் தன் மாற்றப் பதிவை எழுத இடமில்லாமல் பேனிக் ஆகி நின்றுவிடும். காலையில் ஸ்கேன் எடுக்க வருபவருக்கு ரிப்போர்ட் இல்லை. பாஸ்வேர்டை உடைக்காமலேயே தாக்குதல் ஜெயித்துவிட்டது. லாக்குகள் சேரும் /வார்/லாக் கோப்பகம் தனி பார்ட்டிஷனாக இருந்திருந்தால் லாக் மட்டும் நின்றிருக்கும். டேட்டாபேஸ் அதன் பாட்டுக்கு ஓடியிருக்கும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. லினக்ஸில் பரவலாக இருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (பார்ட்டிஷனில் ஃபைல்களை அடுக்கும் முறை) வழக்கமாக 5 சதவீத இடத்தை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறதே, அது போதாதா என்பார்கள். சாதாரணப் பயனர்கள் டிஸ்கை நிரப்பும்போது அது உதவும், உண்மைதான். ஆனால் லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் போன்ற சேவைகளே பல கணினிகளில் ரூட்டாகத்தான் ஓடுகின்றன. அவை அந்த ஒதுக்கீட்டையும் சேர்த்தே தின்றுவிடும்.

லாக் விஷயத்தில் இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, கம்பெனிகள், டேட்டா சென்டர்கள், அரசு அமைப்புகள் எல்லாம் தங்கள் கணினிகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இப்போது, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் லாக் பதிவேடான ஜர்னலின் இயல்பான அமைப்பைப் பாருங்கள். தான் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. அதைத் தாண்டினால் பழைய லாக்கைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். /வார்/லாக்-க்கு 20 ஜிபி தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அமைப்பை மாற்றாமல் விட்டால், ஜர்னலுக்குக் கிடைப்பது 2 ஜிபிதான். மேலே சொன்ன மாதிரி யாராவது லாகின் பெட்டியைக் குத்திக்கொண்டிருந்தால் அந்த 2 ஜிபி 180 நாளெல்லாம் தாங்காது. ஆக, பார்ட்டிஷனைப் பிரித்த கையோடு ஜர்னலின் உச்ச அளவையும் கையால் எழுத வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்கள்தான் நிறையப் பேர்.

லாக்குக்குள்ளேயே இன்னொரு பிரிவு: /வார்/லாக்/ஆடிட். யார் எந்த ஃபைலைத் தொட்டார்கள், யார் சூடோ கட்டளையால் ரூட் அதிகாரம் எடுத்தார்கள் என்பதையெல்லாம் கர்னலின் தணிக்கை அமைப்பு இங்கேதான் எழுதுகிறது. உள்ளே நுழைந்துவிட்ட ஒருவர் தன் தடயம் பதிவாகாமல் இருக்க, வேறு ஏதாவது லாக்கை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கி இடத்தை அடைக்கலாம். ஆடிட் தனியாக இருந்தால் அந்த வேலை நடக்காது. இடம் தீர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆடிட்டி சேவையிடமே சொல்லிவைக்கலாம்: பதிவதை நிறுத்து, அல்லது ஒற்றைப் பயனர் நிலைக்குப் போ, அல்லது கணினியையே நிறுத்து. கணினியை நிறுத்தச் சொல்வதைத்தான் கடுமையான வழிகாட்டிகள் விரும்புகின்றன. பதிவு இல்லாமல் ஒரு நொடிகூட ஓடக்கூடாத ராணுவக் கணினிக்கு அது நியாயம். ஸ்கேன் சென்டருக்கு? அவசரத்துக்கு வந்த நோயாளியின் படத்தைத் திறக்க முடியாமல் போவதைவிட, ஆடிட் இல்லாமல் சில மணி நேரம் ஓடுவதே மேல் என்பேன். இடம் குறையும்போதே எச்சரிக்கை அனுப்பும்படி அமைத்துவிட்டு, நிறுத்தும் தேர்வைத் தவிர்க்கலாம்.

ஜிபி மீதம் இருந்தும் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பிழை வருவதும் உண்டு. இஎக்ஸ்டி4-இல் எத்தனை ஃபைல்கள் இருக்கலாம் என்பது ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு (ஃபைலின் விவரத்தை வைக்கும் இடம், ஃபைலுக்கு ஒன்று வேண்டும்). பிஎச்பி செஷன் ஃபைல்கள், மெயில் வரிசை போன்றவை குட்டிக் குட்டி ஃபைல்களாகக் குவிந்தால் ஐநோடுகள் தீர்ந்துபோகும். மீத இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஐ என்ற விருப்பத்தோடு ஓட்டினால்தான் இது கண்ணில் படும். பார்ட்டிஷன் பிரிந்திருந்தால் இந்தப் பஞ்சமும் அந்தப் பகுதியோடு நின்றுவிடும்.

இனி அனுமதி. ஒரு பார்ட்டிஷனை மவுண்ட் செய்யும்போது, அதாவது ஒரு கோப்பகத்தில் இணைக்கும்போது, மூன்று விருப்பங்களைச் சேர்க்கலாம். நோடெவ் போட்டால் அங்கே இருக்கும் சாதன ஃபைல்கள் செல்லாது. நோசூயிட் போட்டால், ஓடும்போது ரூட் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் நிரல்களின் அந்தச் சலுகை செல்லாது. நோஎக்ஸெக் போட்டால் அங்கிருந்து எந்த நிரலையும் நேராக ஓட்ட முடியாது. கணினிப் பாதுகாப்பு வழிகாட்டிகளை வெளியிடும் சிஐஎஸ் அமைப்பு இந்த மூன்றையும் தற்காலிக ஃபைல்களுக்கான /டெம்ப், /வார்/டெம்ப், /டெவ்/எஸ்ஹெச்எம் பகுதிகளுக்கும் லாக் பகுதிகளுக்கும் கேட்கிறது; பயனர் ஃபைல்களுக்கான /ஹோம், மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கான /வார் இரண்டுக்கும் நோஎக்ஸெக்கை விட்டுவிடுகிறது. அதன் வரிசையில் /டெம்ப்-ஐத் தனியாக்குவது முதல் நிலைத் தேவை. /வார், /வார்/லாக், /ஹோம் இவற்றைத் தனியாக்குவது கூடுதல் கண்டிப்பான இரண்டாம் நிலை. நம் ஊர் அளவிலான ஒற்றை சர்வருக்கு நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன்: முதலில் லாக்கும் டேட்டாவும், பிறகு மற்றவை.

/டெம்ப்-க்கு ஏன் இவ்வளவு கவனிப்பு என்றால், அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். இணையப் பக்கத்தில் ஒரு ஓட்டை வழியாக நுழைபவருக்கு அந்த வெப் சர்வர் பயனரின் அதிகாரம் மட்டுமே இருக்கும். அவர் கிரிப்டோ மைனரையோ வேறு எதையோ இறக்கி வைக்கத் தோதான இடங்கள் /டெம்ப், /வார்/டெம்ப், /டெவ்/எஸ்ஹெச்எம் ஆகிய மூன்றும்தான். அங்கே நோஎக்ஸெக் இருந்தால் இறக்கிய நிரல் ஓட மறுக்கும்.

ஆனால் இதை நம்பித் தூங்கக்கூடாது. இறக்கியது ஷெல் ஸ்கிரிப்ட்டாகவோ பைத்தானாகவோ இருந்தால், பாஷ் என்ற ஷெல்லையோ பைத்தானையோ அழைத்து இந்த ஃபைலைப் படி என்று சொன்னால் போதும், ஓடிவிடும். அங்கே ஓடுவது பைத்தான். உங்கள் ஃபைல் வெறும் உரை. நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடரை அழைத்து பைனரியை ஓட்டும் பழைய தந்திரம் 2.6 கர்னலிலேயே அடைபட்டுவிட்டது. பதிலுக்கு 2014-இல் வந்த 3.17 கர்னல், டிஸ்கைத் தொடாமல் நினைவகத்திலேயே ஒரு ஃபைலை உருவாக்கி ஓட்டும் வசதியைக் கொண்டுவந்தது. தெரிந்த ஆளுக்கு நோஎக்ஸெக் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். வலையை அகலமாக வீசி ஆயிரக்கணக்கான சர்வர்களைத் தேடும் தானியங்கி நிரல்களில் பலவற்றுக்கு அது முட்டுச்சுவர். நம் சர்வர்களுக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை என்பதால் போட்டு வைப்பதில் அர்த்தம் உண்டு.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மை ஹார்ட் லிங்க் பற்றியது. ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர் கொடுப்பதுதான் ஹார்ட் லிங்க்; அதை ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்தான் போட முடியும். எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருந்தபோது, ஒரு சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம் எடுக்கும் நிரலுக்குத் தன் ஹோமிலிருந்து ஒரு லிங்க் போட்டு வைத்துக்கொள்வார். பின்னால் அந்த நிரலில் ஓட்டை கண்டுபிடித்துத் திருத்தம் வரும். அப்டேட் பழைய பெயரை நீக்கிப் புதியதை வைக்கும். ஆனால் பயனர் கையிலிருக்கும் லிங்க்கில் பழைய ஓட்டை அப்படியே உயிரோடு இருக்கும். 2012-இல் வந்த 3.6 கர்னல் இதற்கென்றே ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது, பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்கள் (டெபியன், ஃபெடோரா போன்றவை) அதை இயக்கியே வைத்திருக்கின்றன. எனவே இன்று இதற்காகவே /ஹோம்-ஐப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய வழிகாட்டிகள் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விருப்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டால் சர்வரே படுத்துவிடும். டெபியன், உபுண்டுவில் /வார்-க்கு நோஎக்ஸெக் போட்டுப் பாருங்கள், அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும். காரணம், ஒவ்வொரு பேக்கேஜின் நிறுவல் ஸ்கிரிப்ட்டும் /வார்/லிப்/டிபிகேஜி உள்ளேயிருந்துதான் ஓட்டப்படுகிறது. /டெம்ப்-க்குப் போட்டாலும் சில வெளியீடுகளில் சில பேக்கேஜ்கள் முன்கூட்டிய கேள்விகளுக்கான ஸ்கிரிப்ட்டை அங்கே விரித்து ஓட்டப் பார்த்து, அனுமதி இல்லை என்று முனகும். அதற்கு, பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி-யின் தற்காலிக இடத்தை வேறு பக்கம் மாற்றிவிடலாம். டாக்கர் (மென்பொருளை இமேஜ் என்ற பொதிகளாக ஓட்டும் கருவி) ஓட்டுபவர்கள் அதன் கோப்பகத்தை /வார்-இலிருந்து பிரித்துத் தனி இடம் கொடுப்பது நல்லது. பழைய இமேஜ்கள் சேர்ந்து சேர்ந்து இடத்தை விழுங்குவதில் அதற்கு ஈடு கிடையாது.

பார்ட்டிஷன் இல்லாமலேயே அனுமதியைக் கட்டுப்படுத்தும் வழிகள் வந்துவிட்டன என்றேனே, அவை இவைதான். எந்தக் கோப்பகத்தையும் அதன் மேலேயே பைண்ட் மவுண்ட் செய்து நோஎக்ஸெக் சேர்க்கலாம். ஒவ்வொரு சேவைக்கும் தனி /டெம்ப் கொடுக்கச் சொல்லி சிஸ்டம்டி-யிடம் ஒரே வரியில் கேட்கலாம். /டெம்ப்-ஐ நினைவகத்திலேயே டெம்ப்எஃப்எஸ்ஸாக வைத்துவிடலாம்; ஃபெடோரா 2013-லேயே இப்படி மாறியது, 2025-இல் வந்த டெபியன் 13-உம் மாறிவிட்டது. அதன் அளவு இயல்பாக ராமில் பாதி. 8 ஜிபி ராம் உள்ள சர்வரில் பெரிய ஃபைல்களை /டெம்ப்-இல் விரிக்கும் மென்பொருள் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

சரி, நம் கடற்கரைக்கே உரிய ஒரு காரணத்துக்கு வருவோம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் இல்லாத நாளிலும் யுபிஎஸ் பேட்டரி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. சர்வர் திடீரென அணைவது இங்கே அபூர்வம் இல்லை.

இஎக்ஸ்டி4 தன் மாற்றங்களைக் குறிக்கும் ஜர்னல் ஒன்றை வைத்திருப்பதால் (மேலே சொன்ன லாக் ஜர்னல் வேறு) பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சரியாகாதபோது என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. டெபியன் இயல்பாக ரூட் ஃபைல்சிஸ்டத்துக்கு, பிழை கண்டால் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறு என்ற விருப்பத்தைப் போடுகிறது. எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் ஒரு லாக் ஃபைலின் மூலையில் வந்த சேதத்துக்காக மொத்த சர்வரும் எழுத முடியாமல் உறைந்துவிடும். அடிக்கடி எழுதப்படும் /வார் தனியாக இருந்தால் சேதமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ரூட் சுத்தமாக பூட் ஆகும். கடைசியில் சொல்லும் நோஃபெயில் விருப்பத்தை அந்தப் பகுதிக்குப் போட்டிருந்தால், நீங்கள் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலம் வீட்டிலிருந்தே நுழைந்து அந்த ஒரு பகுதியை மட்டும் சரிபார்க்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போக வேண்டாம்.

குறியாக்கத்திலும் இதே கதை. டிஸ்க் முழுவதையும் லினக்ஸின் குறியாக்க ஏற்பாடான லக்ஸ் கொண்டு பூட்டுவதுதான் கேட்பதற்குப் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், பாஸ்வேர்டு அடிக்க ஆள் இல்லாமல் சர்வர் விடியும்வரை கறுப்புத் திரையோடு காத்திருக்கும். இங்கே பிரிப்பது நேரடியாகக் கைகொடுக்கிறது. இயங்குதளம் இருக்கும் ரூட்டைத் திறந்தே விட்டு, நோயாளிகளின் தரவு இருக்கும் பகுதியை மட்டும் பூட்டுங்கள். சர்வர் தானாக எழுந்து நெட்வொர்க்குக்கு வந்துவிடும். தூரத்திலிருந்து நுழைந்து தரவுப் பகுதியைத் திறந்து டேட்டாபேஸைக் கிளப்பலாம். ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி), /டெம்ப் இரண்டையும் மறக்கக்கூடாது, நினைவகத்தில் இருந்த தரவு அங்கேயும் கசியும். ஸ்வாப்பை, கணினி எழும் ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் சாவியால் பூட்டிவிடலாம், யாரும் எதையும் அடிக்க வேண்டியதில்லை. சர்வரை நேரில் கைவைத்து ரூட்டை மாற்றி எழுதக்கூடிய ஆள் உங்கள் கவலை என்றால் இந்த ஏற்பாடு போதாது. பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும் திருடன்தான் கவலை என்றால் தாராளமாகப் போதும்.

அளவு நிர்ணயிப்பதில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள், நியாயமும் இருக்கிறது. தவறான இடத்தில் கோடு போட்டால் ஒரு பக்கம் காலி, இன்னொரு பக்கம் திண்டாட்டம். இதற்கு விடை எல்விஎம். டிஸ்கை நேராகப் பிரிக்காமல் முதலில் ஒரு பொதுத் தொகுப்பாக்கி, அதிலிருந்து தேவையானதைக் கிள்ளிக் கொடுப்பது. எல்லாவற்றையும் முதல் நாளே பங்கு போட்டுவிடாமல் மூன்றில் ஒரு பங்கையாவது தொகுப்பிலேயே விட்டுவைத்தால், பின்னால் தேவைப்படும் பகுதியைச் சர்வர் ஓடும்போதே பெரிதாக்கலாம். சுருக்குவதுதான் கஷ்டம்: இஎக்ஸ்டி4-ஐ மவுண்ட்டிலிருந்து அவிழ்த்துவிட்டுத்தான் சுருக்க முடியும், இன்னொரு ஃபைல்சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ்-ஐச் சுருக்குவதற்கு நம்பி இறங்க நடைமுறை வழியே கிடையாது. ஆகவே சின்னதாக ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

500 ஜிபி டிஸ்க் உள்ள நம் ஸ்கேன் சென்டர் சர்வருக்கு நான் போடும் கணக்கு இப்படி இருக்கும். /பூட்-க்கு 1 ஜிபி. பழைய கர்னல்கள் சேர்ந்து இது நிரம்பினால் அப்டேட் பாதியில் தொங்கும், அதனால் கஞ்சத்தனம் வேண்டாம். ரூட்டுக்கு 30. /வார்-க்கு 30, /வார்/லாக்-க்கு 20, ஆடிட்டுக்கு 5. பயனர்கள் அதிகம் இல்லாததால் /ஹோம்-க்கு 10. படங்களும் டேட்டாபேஸும் இருக்கும் /எஸ்ஆர்வி-க்கு 200, அதுதான் பூட்டப்படும் பகுதி. மீதம் தொகுப்பிலேயே இருக்கட்டும். நிரல்கள் இருக்கும் /யூஎஸ்ஆர்-ஐத் தனியாகப் பிரிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். இன்றைய விநியோகங்களில் /பின், /லிப் எல்லாம் அதற்குள்ளேயே போய்விட்டன.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனி பார்ட்டிஷன் பேக்கப் ஆகாது. /எஸ்ஆர்வி-இன் நகலை அதே டிஸ்கின் இன்னொரு பகுதியில் வைப்பது, வீட்டுச் சாவியின் நகலையும் அதே வளையத்தில் மாட்டுவதுதான். டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். அதேபோல, ரூட் அதிகாரம் கிடைத்துவிட்ட ஆளுக்கு இந்த எல்லைகள் எதுவும் பொருட்டல்ல. ஒரே கட்டளையில் நோஎக்ஸெக்கை நீக்கி மறுபடி மவுண்ட் செய்துவிடுவார்.

ஏற்கெனவே ஒரே பார்ட்டிஷனில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை என்ன செய்வது? மறுபடி நிறுவ வேண்டியதில்லை. இன்னொரு டிஸ்க் சேர்த்து, அதில் லாக்குக்கும் தரவுக்கும் இடம் ஒதுக்கி, சேவைகளை நிறுத்திவிட்டு ஆர்சிங்க் மூலம் உரிமைகள் மாறாமல் நகலெடுத்தால் போதும். ஃபைல்களுக்குக் குறியிட்டு அனுமதியைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் ஓடும் கணினி என்றால் அதன் குறிகளையும் மீட்டமைக்க வேண்டும். நகலெடுத்த பிறகு பழைய கோப்பகத்தைக் காலி செய்ய மறந்துவிடுவார்கள். புதிய மவுண்ட்டுக்கு அடியில் பழைய ஃபைல்கள் மறைந்துகிடந்து இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை காட்டும் கணக்கும் டிஎஃப் காட்டும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், அடுத்தது அழித்த பிறகும் ஏதோ ஒரு சேவை திறந்து வைத்திருக்கும் ஃபைலை.

எந்தப் பகுதியை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புதிய வரிகளை எழுதும்போது, சர்வர் எழுவதற்கு அவசியமில்லாத பகுதிகளுக்கு நோஃபெயில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த டிஸ்க் கிடைக்காத நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும், எஸ்எஸ்ஹெச்சும் வராது. பூட்டிய தரவுப் பகுதிக்கு நோஆட்டோ போட்டால் கணினி எழும்போது அதை யாரும் தொடமாட்டார்கள், நீங்கள் திறக்கும்போது கையால் மவுண்ட் செய்யலாம். ரீபூட் செய்வதற்கு முன்னால் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை வெரிஃபை விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். எழுத்துப் பிழையோ தவறான யுயுஐடியோ (பகுதியின் அடையாள எண்) இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.